தோலில் வெட்டிய இந்தியா

“சொல்வதை எழுதுபவராகத் தங்களை நியமித்து ஆணையிடப்படுகிறது. தேர்வருக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம் அனுமதிக்கப்பட்டுள்ளது. தேர்வர் சொல்வதை மட்டுமே எழுத வேண்டும்.”

இந்த மூன்று வரிகள் கொண்ட தாள் என்னிடம் ஒரு பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக இருக்கிறது. நாள், கிழமை எல்லாம் அதிலேயே உள்ளன. ஆனால் இங்கே தரப் போவதில்லை. மழை பெய்த நேரத்தைக்கூட நாட்குறிப்பில் எழுதிவைக்கிற எனக்கு இது எவ்வளவு கஷ்டம் என்பது இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்குத் தெரியும்.

காரணம் ஏஞ்சலின். எழுதட்டுமா என்று அனுமதி கேட்டபோது அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். “எழுதுங்க சார். எந்த வருசம்னு மட்டும் போடாதீங்க. அப்புறம் எல்லாரும் கணக்குப் போட்டு நான் எப்ப ஃபெயிலானேன்னு கண்டுபிடிச்சிருவாங்க.”

ஆகவே, முகக்கவசங்களை எல்லாரும் அலமாரியில் போட்டுவிட்ட பிறகு வந்த ஒரு வருடம் என்று மட்டும் சொல்கிறேன். பத்தாம் வகுப்புத் துணைத் தேர்வு. ஆம்பூரில் ஒரு பள்ளி. காலை ஒன்பதரை மணி. பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

வாசலில் இருவர்

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து பஸ் பிடித்து நான் போய்ச் சேர்ந்தபோது தாயும் மகளும் பள்ளியின் வாசலில் நின்றிருந்தார்கள். மகள் ஏஞ்சலினுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. தாய் லில்லி ஷூ கம்பெனியில் கட்டிங் பிரிவில் வேலை பார்ப்பவர். ஷூவின் மேல்பாகத்துக்கான தோலை, அட்டை மாதிரியை வைத்துக் கத்தியால் வெட்டி எடுக்கிற வேலை. அன்று அரை நாள் லீவு போட்டிருந்தார்.

“நீங்கதான் எழுதப்போற சாரா?” என்று லில்லி கேட்டார். “பாப்பா கொஞ்சம் வேகமா பேசும் சார். நிறுத்திக் கேளுங்க.”

“நான் ஒண்ணும் வேகமா பேச மாட்டேன். எழுதுறவங்கதான் மெதுவா கேப்பாங்க” என்றாள் மகள்.

நான் கணக்கு ஆசிரியன். சமூக அறிவியல் தேர்வுக்குச் சமூக அறிவியல் ஆசிரியரை எழுத அனுப்புவதில்லை. பாடம் தெரிந்தவர் உதவிவிடுவார் என்ற பயம். நான் முப்பது வருடமாக வரலாற்றுப் புத்தகங்களையும் பழைய நிலப்படங்களையும் படித்துக் கிடப்பவன் என்பது ஆணை போட்டவர்களுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

“எல்லாம் படிச்சாச்சா?” என்று கேட்டேன்.

“தேதி கொஞ்சம் குழப்பும் சார். ஆனா இந்தியா மேப் மட்டும் கேளுங்க, விரல்லயே இருக்கு. பத்து நாள் முன்னாடி அம்மா தோல்ல வெட்டி அட்டையில ஒட்டிக் குடுத்தாங்க. மலைக்கெல்லாம் மடிச்சுத் தையல். துறைமுகத்துக்கு ஷூ லேஸ் கோக்கிற வளையம் அடிச்சிருக்காங்க. தடவித் தடவி மனப்பாடம்.”

லில்லி பெருமையோடு தோள்பையிலிருந்து அதைப் பாதி வெளியே இழுத்தார். காஷ்மீரம் மட்டும் தெரிந்தது. அதற்குள் முதல் மணி அடித்துவிட்டது. “அப்புறம் காட்டுறேன் சார்” என்று மீண்டும் உள்ளே தள்ளினார்.

போன தடவை எழுந்தது ஏன்?

வராந்தாவில் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது ஏஞ்சலின் சொன்ன விவரம் இது. பொதுத் தேர்வில் மற்றப் பாடங்களில் எல்லாம் தேறிவிட்டாள். சமூக அறிவியலில் மட்டும் மூன்று மதிப்பெண் குறைந்து போயிற்று. அதுவும் பாடம் தெரியாமல் அல்ல. எல்லாருக்குமான நேரம் முடிந்து மணி அடித்ததும், அறையில் இருந்த ஆசிரியர், “முடிஞ்சிடுச்சாம்மா? பேப்பரைக் கட்டிடலாமா?” என்று கேட்டாராம்.

“எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்குன்னு தெரியும் சார். ஆனா அவங்க எனக்காகச் சாப்பிடாம உக்காந்திருக்கணுமேன்னு ஒரு மாதிரி ஆய்டுச்சு. கட்டிடுங்கன்னு சொல்லிட்டேன். ரெண்டு பெரிய கேள்வி சொல்லவேயில்ல.”

“இந்தத் தடவை?”

“இந்தத் தடவை நான் எழுந்திருக்க மாட்டேன் சார். கட்டடம் இடிஞ்சாதான்.”

அவள் கேட்டிருந்த பதினொன்றாம் வகுப்பு இடத்தை வேலூரில் ஒரு பள்ளி துணைத் தேர்வு முடிவு வரும்வரை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. அதற்குமேல் வைத்திருக்காது. தவறவிட்டால் இன்னொரு வருடம் வீட்டில்.

சலீம் எழுதிய லீவு லெட்டர்

இங்கே ஒரு பழைய சங்கதி. ‘கூடுதல் நேரம்’ என்றாலே எனக்கு என் பள்ளியின் ஆங்கில ஆசிரியர் சலீம்தான் நினைவுக்கு வருவார்.

சில வருடங்களுக்கு முன் ஆசிரியர் அறையில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: “இன்னா தோஸ்த் இது? எழுதறதுக்கும் ஆளு, அதுக்கு மேல ஒரு மணி நேரம் ஜாஸ்தி. எனக்குக் குடுத்திருந்தா நான் கலெக்டர் ஆயிருப்பேன்.”

நான் வாதாடவில்லை. கைக்குட்டையால் அவர் கண்ணைக் கட்டினேன். ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, “நீங்க அடிக்கடி எழுதுற லீவு லெட்டரைச் சொல்லுங்க. நான் எழுதுறேன்” என்றேன். சலீம் லீவு லெட்டரை மூன்று நிமிடத்தில் எழுதக்கூடியவர். அவ்வளவு பழக்கம்.

முதல் வரி ஜோராக வந்தது. அடுத்த வரியில், “கமா போட்டீங்களா?” என்றார். பிறகு, “எங்க விட்டேன்?” நான் வாசித்தேன். “அந்த வார்த்தை வேணாம், அதுக்கு முன்னாடி வார்த்தையை மாத்துங்க. இல்ல இல்ல, அதுக்கும் முன்னாடி.” மீண்டும் வாசித்தேன். நடுவில் யாரோ கதவைத் திறந்தார்கள். “யாரது?” என்று தலையைத் திருப்பியவருக்குச் சொல்ல வந்தது மறந்து போயிற்று. கடிதம் முடிந்தபோது பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கட்டை அவிழ்த்துப் படித்துப் பார்த்தால், ஒரே வியாழக்கிழமைக்கு இரண்டு தடவை லீவு கேட்டிருந்தார்.

சலீம் அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “பேஜாரு தோஸ்த். ஒரு மணி நேரம்றது கம்மி” என்றார்.

அன்றிலிருந்து பள்ளியில் யாராவது கூடுதல் நேரத்தைப் பற்றி முணுமுணுத்தால் சலீம்தான் முதலில் கைக்குட்டையை எடுப்பார்.

மேற்கு என்று எழுதினேன்

எங்களுக்கு ஒதுக்கியது பள்ளியின் நூலக அறை. ஒரு மேசை, மூன்று நாற்காலிகள், கடகடவென்று சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. அறைக் கண்காணிப்பாளராக வந்திருந்தவர் வேறொரு பள்ளியின் ஆசிரியை. ஏஞ்சலின் அவரை மேடம் என்று அழைத்தாள். நானும் அப்படியே அழைத்தேன். கண்டிப்பானவர். என் நாற்காலியை ஏஞ்சலினுக்கு எதிரில் போட விடாமல், தன் பார்வைக்கு என் முகம் தெரிகிற மாதிரி திருப்பிப் போடச் சொன்னார்.

“சார், தலையாட்டுறது, ‘ம்’ கொட்டுறது எதுவும் கூடாது” என்றார்.

“தலையாட்டினா எனக்கு எப்படி மேடம் தெரியும்?” என்றாள் ஏஞ்சலின். மேடம் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஹால் டிக்கெட்டைச் சரிபார்த்தார்.

கேள்வியை நான் வாசிப்பேன். அவள் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பாள். விரல்கள் மேசையில் தாளம் போடும். பிறகு பதில் கொட்டும். ஒரு மதிப்பெண் வினாக்கள் பறந்தன. தேதிகள் குழம்பும் என்று சொன்னாளே தவிர, ஒன்றுகூடத் தப்பவில்லை. தமிழ்நாட்டு ஆறுகள் பற்றிய கேள்விக்குப் பாலாறு எங்கே தொடங்கி எப்படி வங்கக் கடலில் கலக்கிறது என்று மூச்சுவிடாமல் சொன்னாள். எழுதிக்கொண்டே எனக்குள் ஒரு சந்தோஷம். இவள் தேறிவிடுவாள்.

வரைபடக் கேள்விக்குப் பதிலாகப் பார்வையற்றவர்களுக்கென்று எழுத்துக் கேள்விகள் கொடுத்திருந்தார்கள். இந்தியாவின் மேற்குக் கடற்கரைத் துறைமுகங்கள் எவை, கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்கள் எவை என்பது முதலாவது. நான் வாசித்து முடித்ததும் அவள் முகம் மலர்ந்தது. விரல்கள் மேசைமேல் ஒரு பெரிய முக்கோணம் வரைந்தன.

“மேற்குக் கடற்கரை. சென்னை, விசாகப்பட்டினம், பாரதீப், கொல்கத்தா. தூத்துக்குடி. எழுதிட்டீங்களா?”

என் பேனா நின்றது.

“சார்?”

மேடம் என்னைப் பார்த்தார். நான் எழுதினேன்.

“கிழக்குக் கடற்கரை. மும்பை, மர்மகோவா, மங்களூர், கொச்சி.”

இதற்குப் பிறகு வந்தது இன்னும் மோசம். மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் கிழக்குத் தொடர்ச்சி மலைக்கும் உள்ள வேறுபாடுகள். “கிழக்குத் தொடர்ச்சி மலை விட்டுப்போகாம நீளமா இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை துண்டுதுண்டா இருக்கும்” என்று அவள் சொல்லச் சொல்ல, நானும் தலைகீழாகவே எழுதினேன். மேற்கு, கிழக்குக் கடற்கரைச் சமவெளிகளின் அகலம் பற்றிய கேள்விக்கும் அதே கதி. எல்லாம் சுத்தமாக இடம் மாறியிருந்தன.

ஒரு கட்டத்தில் மேடம் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். ஒரு சொல்லை நான் மாற்றி எழுதினால் யாருக்கும் தெரியாது. மேற்கைக் கிழக்காக்கினால் போதும். ஆனால் ஆணையின் மூன்றாவது வரி எனக்கு மனப்பாடம். அதைவிட, திருத்தினால் அது அவள் எழுதிய தேர்வாக இருக்காது. சென்னையை அரபிக் கடலோரத்தில் என் கையெழுத்தால் உட்கார வைத்தேன். என் வாழ்க்கையில் நான் தெரிந்தே எழுதிய பெரிய பொய் அதுதான்.

பிரியாணி வாசமும் பாலாறும்

ஒன்றேகால் மணிக்குப் பள்ளி முழுக்க மணி அடித்தது. நாற்காலிகள் நகர்ந்தன. வராந்தாவில் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள். வெளியே பிரியாணிக் கடையில் அப்போதுதான் அண்டாவைத் திறந்திருக்க வேண்டும். ஜன்னல் வழியாக வந்த வாசம் அறையில் நிறைந்து நின்றது. மேடத்தின் வயிறு சத்தம் போட்டது எனக்கே கேட்டது.

எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லியாயிற்று. மேடம் விடைத்தாள் கட்டும் நூலை எடுத்து வைத்துக்கொண்டு கேட்டார்: “எல்லாம் முடிச்சிட்டியேம்மா. கட்டிடலாமா?”

அவர் தப்பான எண்ணத்தில் கேட்கவில்லை. பிள்ளைக்கும் பசிக்குமே என்ற பரிவு குரலில் இருந்தது. பரிவோடு கேட்டால்தான் மறுப்பது இன்னும் கஷ்டம். ஏஞ்சலின் உதட்டைக் கடித்தாள். நான் மேசைக்கு அடியில் கால்விரல்களால் செருப்பை இறுக்கிப் பிடித்தேன்.

“இல்ல மேடம். எனக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. சார் எழுதினதை எல்லாம் வாசிக்கட்டும். மேப் பதிலை முதல்ல, அப்புறம் மத்தது.”

“வாசிக்கட்டுமே” என்றார் மேடம். நூலைக் கீழே வைத்தார். “பசிச்சா சொல்லு, என்கிட்ட பிஸ்கட் இருக்கு.”

“எனக்கு இல்ல மேடம். உங்களுக்குத்தான் பசிக்குது. கேட்டுச்சு.”

இந்தத் தடவை மேடம் சிரித்தே விட்டார்.

நான் வாசித்தேன். எல்லா வரியையும் ஒரே குரலில் வாசிக்க வேண்டும். தவறான இடத்தில் குரல் தடுமாறினால் அதுவே குறிப்பாகிவிடும். ரயில் நிலைய அறிவிப்புப் போல வாசித்தேன். அவள் அங்கங்கே ஒரு சொல்லைச் சேர்க்கச் சொன்னாள். துறைமுகங்களைத் தாண்டினேன், அவள் அசையவில்லை. மலைகளைத் தாண்டினேன், விரல்களால் முக்கோணத்தைத் தடவி, சரி என்று தலையாட்டினாள். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

பிறகு ஆறுகள் பற்றிய பதில் வந்தது. “பாலாறு... வங்கக் கடலில் கலக்கிறது” என்று வாசித்தேன்.

“இருங்க சார்.”

நிறுத்தினேன்.

“பாலாறு நம்ம ஆம்பூர்ல இருந்து வேலூர் பக்கம்தானே போவுது?”

“சார்கிட்ட எதுவும் கேக்கக் கூடாதும்மா” என்றார் மேடம்.

“கேக்கல மேடம். எனக்கு நானே பேசிக்கிறேன். அதுல தண்ணி இல்லாட்டியும் போற பக்கம் போற பக்கம்தானே?” தலையைச் சாய்த்தாள். “காலையில வேலூர் பஸ்ல முன்சீட்டுல உக்காந்தா மூஞ்சில வெயில் அடிக்கும். அப்போ வேலூர் கிழக்கு. பாலாறு கிழக்கே போவுது. வங்கக் கடல் கிழக்கே இருக்கு. சென்னை அங்கதான் இருக்கு...”

இரண்டு கைகளையும் தூக்கிக் காற்றில் வைத்தாள். இல்லாத ஒரு படத்தைத் தடவுவது போல இடது கை ஒரு கரையில் இறங்கியது, வலது கை மறு கரையில் இறங்கியது. கன்னியாகுமரியில் இரண்டும் சேர்ந்தன. கைகள் அங்கேயே நின்றன. பிறகு மெதுவாக இரண்டு கைகளையும் குறுக்காக மாற்றி வைத்தாள்.

“ஐயோ!” என்று கத்திச் சிரித்தாள். “எங்கம்மா எனக்கு எடது காலு குடுத்துட்டாங்க!”

மேடம் பதறி எழுந்தார். எனக்கு ஒரு நொடி ஆயிற்று புரிய. ஷூவுக்குத் தோல் வெட்டுகிறவர்கள் எதையும் ஒற்றையாக வெட்டுவதில்லை. வலது காலுக்கு ஒன்று வெட்டியதும், அதே அட்டையைக் குப்புறத் திருப்பிப் போட்டு இடது காலுக்கு ஒன்று வெட்டுவார்கள். லில்லி இரண்டு இந்தியா வெட்டியிருக்க வேண்டும். பாவம், அவர் கை இரண்டாவதைத் திருப்பிப் போட்டிருக்கும்.

“எத்தனை நிமிசம் இருக்கு மேடம்?”

“இருபத்தெட்டு.”

“சார், துறைமுகத்துக்குப் போங்க. முழுசா அடிச்சிடுங்க. புதுசா சொல்றேன்.”

அவள் சொன்னாள், நான் எழுதினேன். ‘மேற்கை எல்லாம் கிழக்காக்குங்க’ என்று ஒரே வார்த்தையில் முடிக்க முடியாது. ஒவ்வொரு பதிலாக வாசித்து, நினைத்து, கோடு போட்டு அடித்து, மறுபடி முழுசாகச் சொல்ல வேண்டும். துறைமுகங்களை ஒவ்வொன்றாகக் கரை மாற்றினாள். விட்டுப்போகாத மலையை மேற்கே கொண்டுபோய் நிறுத்தினாள். அகலமான சமவெளியைக் கிழக்கே விரித்தாள். நடுவில் நெடுஞ்சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்ததில் ஒரு வரி மறந்து போயிற்று. மறுபடி வாசிக்கச் சொன்னாள். என் விரல் மூட்டு வலித்தது. மேடம் கேட்காமலேயே கூடுதல் தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

கடைசி வரிக்கு முற்றுப்புள்ளி வைத்தபோது மூன்று நிமிடம் மீதி இருந்தது. “இப்ப கட்டுங்க மேடம்” என்றாள் ஏஞ்சலின்.

ஜோடி

வாசலில் லில்லி குடையோடு நின்றிருந்தார். மகள் முதலில் சொன்னது, “ம்மா, மேப்பை வெளிய எடு.”

பையிலிருந்து முழு இந்தியாவும் வெளியே வந்தது. பழுப்பு நிறத்தில், வழவழப்பான ஆட்டுத்தோல். தையல் அவ்வளவு நேர்த்தி. குஜராத்தின் மூக்கு வலது பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது.

லில்லி அதைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, ஆமா சார்! புத்தகத்தைப் பாத்து அட்டையில வரைஞ்சு ஒண்ணு வெட்டினேன். அது ஒடுகத்தூர்ல இவள மாதிரியே பார்வை இல்லாத ஃப்ரெண்டு ஒரு பொண்ணுக்கு. ஊரான் வீட்டுப் புள்ளைக்கு முதல்ல குடுக்கணுமேன்னு அதைக் குடுத்துட்டேன். அந்த அட்டையையே வச்சு இவளுக்கு ரெண்டாவது வெட்டினேன். கை தானா திருப்பிப் போட்டுடுச்சு சார். ஒரே பக்கமா ரெண்டு வெட்டினா சூப்பர்வைசர் திட்டுவாரு!”

“இன்னாம்மா நீ, நான் மும்பையில கடல் மேல சூரியன் உதிக்குதுன்னு எழுதிட்டு வந்திருப்பேன்.”

“எழுதினியா?” லில்லி மகளின் கையைப் பிடித்தார்.

“எழுதினேன். அப்புறம் அடிச்சிட்டேன்.”

லில்லி அங்கேயே நடைபாதையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். பின்னால் வந்த மேடம் என்ன ஏது என்று கேட்டு, படத்தை வாங்கிப் பார்த்து, அவரும் சிரித்தார். நால்வரும் எதிர்க்கடையில் பிரியாணி சாப்பிட்டோம். மேடம் இரண்டு தடவை கத்தரிக்காய்த் தொக்கு வாங்கிக்கொண்டார்.

முடிவு வந்த அன்று லில்லியின் போன் வந்தது. பின்னணியில் மெஷின்களின் இரைச்சல். “பாஸ் சார்! வேலூர் ஸ்கூல்ல நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க!” தேர்ச்சிக்கு வேண்டியதைவிட நான்கு மதிப்பெண் அதிகம். அவ்வளவுதான்.

அடித்துத் திருத்திய மூன்று பதில்களுக்கும் சேர்த்து அவளுக்கு எவ்வளவு கிடைத்தது, அவை இல்லாமலும் தேறியிருப்பாளா என்று கண்டுபிடிக்க எனக்கு ஆசை. மதிப்பெண் பட்டியலில் மொத்தம் மட்டுமே இருந்தது. அவளிடம் கேட்டபோது, “அது எதுக்கு சார்? நான் உக்காந்திருந்தேன் இல்ல?” என்றாள். விடைத்தாளை யாரும் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை. அந்தக் கடைசி இருபத்தெட்டு நிமிடம்தான் அவளைத் தேற வைத்தது என்று நான் நம்புகிறேன். ஆனால் இது இன்றுவரை சரிபார்க்கப்படாத தகவல்.